வரைவு நான்கு

சிறப்பு மலருக்கு ஐம்பது பேர் வேண்டுமாம்.
‘எங்கள் புகழ்பூத்த பட்டதாரிகள்’,
இரண்டு பக்கம், பளபளத்த தாளில்.
குழுவில் பதினொரு பேர்.
அவர்களில் ஏழு பேர்
முதல் வரைவிலேயே இருந்தார்கள்.

இரண்டாம் வரைவில் ஓர் அமைச்சர் விழுந்தார். தேர்தல்.
மூன்றாவதில் எழும்பிவிட்டார்,
வேறு கட்சியில்.

தட்டச்சு என்னுடையது.
பரீட்சைக் கிளையில் பத்தொன்பது வருசம்.
இவர்களுடைய புள்ளிகள் எல்லாம்
என் முதுகுக்குப் பின்னால், பச்சை அலுமாரியில்.
நீதியரசர்
சான்றுச் சட்டத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவர்.
வங்கித் தலைவருக்குப் புள்ளிவிபரவியலில் முப்பத்தெட்டு.
சொல்லமாட்டேன்.
சொல்லாமல் இருக்கத்தான் சம்பளம்.

அதே அலுமாரியின் கீழ்த்தட்டில்
எவரும் வந்து வாங்காத சான்றிதழ்கள்,
கொழும்பு மழையின் ஈரம் குடித்து
ஓரங்கள் நெளிந்தவை.
ரூபவதனி சின்னையா, வரலாறு.
அந்த ஜூலையில் துறைமுகத்தில் கப்பல் ஏறியவள்.
பிறகு மொன்றியலிலிருந்து ஒரு கடிதம்:
‘வைத்திருங்கள், வருவேன்.’
இனாயா பௌசுல், வணிகம்.
நூலகத்துக்கு ஒரு புத்தகம் பாக்கி.
தண்டம் இந்நேரம்
என் சம்பளத்தைத் தாண்டியிருக்கும்.
ஹேவாகே சோமதிலக, பௌதிகம், முதலாம் வகுப்பு.
பரீட்சை முடிந்த கையோடு வளாகத்தைப் பூட்டினார்கள்.
திறந்தபோது பெறுபேறு இருந்தது.
அவன் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த வருசம்
அவனுடைய அப்பா வந்தார்,
வீரக்கெட்டியவிலிருந்து, இரவு பஸ்ஸில்.
சாரத்தில் கசங்கல்.
கையில் இருந்த நீளமான கவரில் ஒரு மடிப்பும் இல்லை.
வழியெல்லாம் மடியில் வைத்து வந்திருக்கவேண்டும்.

விதியைச் சொன்னோம்.
விண்ணப்பதாரி நேரில் வரவேண்டும்,
இல்லையென்றால் அவருடைய கையொப்பம்,
இல்லையென்றால் மரணச் சான்றிதழ்.

முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்.
மூன்றாவதுக்கு,
‘அப்படி ஒன்று நான் எடுக்கவில்லை, மகள்,’ என்றார் சிங்களத்தில்.
‘எடுக்கவும் மாட்டேன்.’

வாங்கில் மத்தியானம் வரை இருந்தார்.
போகும்போது கவரை மட்டும் நீட்டினார்:
‘அவன் வந்தால்
மடிக்காமல் இதில் போட்டுக் கொடுங்கள்.’

இப்போது ஒரு சிக்கல்.
சிங்களத்தில் ஐம்பதும் அடங்கிவிட்டது.
ஆங்கிலத்தில் இடம் மிச்சம்.
தமிழில் ஒரு வரி பக்கத்தை விட்டு வழிகிறது.
‘உங்கட எழுத்து நீளம்,’ என்கிறார் விஜேகோன் மெடம்,
கோபம் எதுவும் இல்லாமல்.
‘கொஞ்சம் வெட்டித் தாங்கோ. யார் பார்க்கப் போறது?’

உண்மைதான்.
தமிழ்ப் புரூவ் பார்க்கக் குழுவில் ஆளில்லை.

அமைச்சரை வெட்டினேன்.
கௌரவப் பட்டங்களோடு
அவர் ஒருவரே மூன்று வரி.
வழிந்தது போக, இரண்டு வரி மிச்சம்.

ஒன்றில் அடித்தேன்:
ஹே. சோமதிலக, பௌதிகம், முதலாம் வகுப்பு.
மற்றவர்களுக்குப் பதவி வரும் இடத்தில்
ஒரு முற்றுப்புள்ளி.
அவனுடைய அப்பாவுக்கு
வாசிக்கத் தெரியாத எழுத்தில்.

மற்ற வரியை வெறுமையாக விட்டேன்.
அதற்குக் காரணம் கேட்டால்
பக்க அழகு என்று சொல்வேன்.

நாலு மணி. தும்முல்லச் சந்தியில்
138களின் ஹோர்ன் தொடங்கிவிட்டது.
அச்சகத்துப் பொடியன் வாசலில்.
நிலாம்தீன் பிளேன்டீயை வைத்துவிட்டு
எட்டிப் பார்க்கிறான்.
‘ஐம்பதும் சரியா, மிஸ்?’

விரல் வைத்து எண்ணினேன்,
மேலிருந்து ஒருதரம், கீழிருந்து ஒருதரம்.
சரி என்றேன்.